எங்க தெரு ஹார்ன் கேஸ்: 14 நாள் நோட்டும் அதுக்கப்புறம் நடந்ததும்

ராத்திரி 11.40. பாப்பா அப்பதான் கண்ணை மூடினா. கட்டில்ல கிடத்திட்டு அவ தலைக்கு அடியிலேந்து கையை மெதுவா உருவிக்கிட்டு இருக்கேன், கீழ "பீப்"னு ஒரு சத்தம். அரை செகண்ட் கூட இருக்காது. அவ்வளவுதான், எழுந்துட்டா. அடுத்த ஒரு மணி நேரம் தோள்ல போட்டுக்கிட்டு ஹாலுக்கும் ரூமுக்கும் நடை. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா தெருவுல ஒரு ஆள் கிடையாது, ஓடற வண்டி கிடையாது, குறுக்க நாய்கூட இல்ல. யாருக்காக அடிச்சான்?

இந்தக் கேள்வியோடதான் இந்த கேஸ் ஆரம்பிச்சுது, இதுக்கு பதில் கிடைக்க கிட்டத்தட்ட ஒன்றரை மாசம் ஆச்சு. அந்த "யாருக்காக"ங்கற கேள்வியை முதல் நாளே ஒழுங்கா கேட்டிருந்தா இவ்வளவு சண்டை போட்டிருக்க வேண்டாம்.

இடம் எப்படின்னா, ரெண்டு பக்கமும் நாலு மாடி வீடுங்க, நடுவுல ரெண்டு கார் உரசாம போற அளவு ரோடு. ஒரு முனை சிக்னல் இருக்கற பெரிய ரோட்டுல சேரும், இன்னொரு முனையில ஒரு குருட்டு வளைவு, அந்தப் பக்கத்துலேந்து என்ன வருதுன்னு கிட்ட போற வரைக்கும் தெரியாது. எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல ஒரு அபார்ட்மென்ட்டோட கேட். நான் இருக்கறது முதல் மாடி, பெட்ரூம் ஜன்னல் தெருவைப் பாத்தது. அதாவது இருக்கறதுலயே மோசமான சீட்டு.

முதல்ல என்னென்ன சொதப்பினேன்னு சொல்லிடறேன். பால்கனியிலேந்து கத்தினேன், அடிச்சவன் அதுக்குள்ள போயிட்டான், அடுத்தாப்ல வந்தவன் எதுக்கு திட்டு வாங்கறோம்னு புரியாம என்னை முறைச்சான். ஒரு நாள் கீழ இறங்கிப் போய் ஒருத்தரை நிறுத்தி மொபைல்ல வீடியோ எடுத்தேன், அவரும் மொபைலை எடுத்து என்னை எடுத்தாரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் படம் புடிச்சுக்கிட்டு நின்னோம், பின்னாடி நின்ன மூணு வண்டியும் சேந்து ஹார்ன் அடிச்சுது. அன்னிக்கு சாயங்காலம் தெருவுல அதிகபட்ச சத்தத்துக்கு காரணம் நான்தான். அப்புறம் "ஹார்ன் அடிக்காதீர்கள், குடியிருப்புப் பகுதி"ன்னு ஒரு போர்டு பிரின்ட் போட்டு கம்பத்துல கட்டினேன். ஒரு பிரயோஜனமும் இல்ல. போர்டைப் படிக்கற நிதானத்துல இருக்கறவன் ஹார்ன் அடிக்க மாட்டான், அடிக்கற அவசரத்துல இருக்கறவன் போர்டைப் படிக்க மாட்டான். நியூயார்க்லயே ஹார்ன் அடிச்சா அபராதம்னு வருஷக்கணக்கா தொங்கின போர்டுகளை 2013ல கழட்ட ஆரம்பிச்சாங்க, பலன் இல்ல, வெறும் அடைசல்னு. இதை நான் போர்டு கட்டினதுக்கு அப்புறம்தான் படிச்சேன், அது என் ராசி.

சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல புகாரும் கொடுத்தேன். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்க நின்னு அடிச்சுதுன்னு கேட்டாங்க. "எல்லா வண்டியும், எப்பவும்"னு சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அப்ப கோவம் வந்துச்சு, இப்ப யோசிச்சா அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல.

அப்பதான் நோட்டு போட ஆரம்பிச்சேன். 14 நாள். நான் வீட்ல இருக்கற நேரம், அதாவது காலைல எழுந்ததுலேந்து ஆபீஸ் கிளம்பற வரைக்கும், சாயங்காலம் திரும்பினதுலேந்து தூங்கற வரைக்கும், நடுராத்திரி முழிப்பு வந்தா அதுவும். லீவு நாள்ல முழு நாள். நாலே நாலு கட்டம்: நேரம், எத்தனை தடவை அடிச்சாங்க, குட்டையா இழுவையா, எதுக்கு. கடைசிக் கட்டம்தான் கஷ்டம், ஏன்னா அதுக்கு ஜன்னல்கிட்ட போய் பாக்கணும், பாக்காம "திமிரு"ன்னு எழுதக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு ரூல் போட்டுக்கிட்டேன். முதல் ரெண்டு நாள் நோட்டுல பாத்தீங்கன்னா அந்தக் கட்டத்துல முழுக்க "திமிரு", "திமிரு", "லூசு"ன்னுதான் இருக்கும், மூணாவது நாள்லேந்துதான் "கேட்", "வேன்", "வளைவு"ன்னு மாறுது. அந்த மாற்றத்தையே நான் இந்த கேஸோட திருப்புமுனைன்னு சொல்லுவேன்.

14 நாள் முடிஞ்சு கூட்டிப் பாத்தா பாதிக்கு மேல எதிர் அபார்ட்மென்ட் கேட்டைத் திறக்கச் சொல்லி அடிச்சது. அடுத்தது ஆளைக் கூப்பிட அடிக்கறது, ஸ்கூல் வேன், ஆபீஸுக்கு சேந்து போறவங்க, வாடகை டாக்ஸி. அதுக்கு அடுத்தது வளைவு. அப்புறம் குறுக்க நிறுத்தின வண்டியை எடுக்கச் சொல்லி. நிஜமாவே கோவத்துல, சும்மா அழுத்திப் புடிச்சது, விரல் விட்டு எண்ணிடலாம். ராத்திரி 10 மணிக்கு மேல உள்ள பக்கத்தை மட்டும் தனியா எடுத்தா கதையே வேற, அங்க கேட்டும் வளைவும் கம்மி, "ஓடாத வண்டி"ன்னு நானே ஒரு பேர் வச்சு எழுதின குட்டை பீப்புங்கதான் ஜாஸ்தி.

மொபைல்ல சத்தம் அளக்கற ஆப் போட்டும் பாத்தேன். ஒரு எச்சரிக்கை, மொபைல் மைக் பேச்சுக்காக செஞ்சது, பெரிய சத்தம் வந்தா தானா அமுக்கிடும், இல்ல உச்சியை வெட்டிடும், அதனால அது காட்டற நம்பரை வச்சு யாரோடயும் சண்டைக்குப் போகாதீங்க. நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தியா, ஜன்னல் திறந்ததுக்கும் மூடினதுக்கும் எவ்வளவு வித்தியாசம், இந்த மாதிரி ஒப்பிட மட்டும் உதவும். புகாருக்குன்னா, 1000 ஹெர்ட்ஸ்ல சரியா 94 டெசிபல் சத்தம் கொடுக்கற அளவுத்திருத்தக் கருவியை மாட்டி சரி பாத்த மீட்டர் வேணும். இன்னொண்ணு, ஆப்ல "சராசரி", "உச்சம்"னு ரெண்டு இருக்கும். ஹார்னுக்கு உச்சத்தைப் பாக்கணும், வேகமா காட்டற மோடுல, அதாவது எட்டுல ஒரு பங்கு செகண்ட்.

ஏன் உச்சம்னு கேட்டா, சராசரி ஹார்னை முழுங்கிடும். கணக்கு போட்டுப் பாருங்க. ராத்திரி 8 மணி நேரத்துல ஜன்னலுக்கு வெளிய 85 டெசிபல்ல ஒரு செகண்ட் ஹார்ன் 20 தடவை வருதுன்னு வைங்க. அதை 8 மணி நேரத்துக்குப் பரப்பினா சுமார் 53 டெசிபல்தான் வரும். கேக்க பெருசா தெரியாது. ஆனா 20 தடவை தூக்கம் கலைஞ்சிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 1999ல கொடுத்த வழிகாட்டியில இதனாலதான் ரெண்டையும் தனித்தனியா சொல்றாங்க, படுக்கையறைக்குள்ள ராத்திரி சராசரி 30 டெசிபல், தனித்தனியா வர்ற சத்தத்தோட உச்சம் 45. 2009ல ஐரோப்பாவுக்குன்னு வந்த இரவு வழிகாட்டியில வீட்டுக்கு வெளிய வருஷ சராசரி 40ஐத் தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்க. மேல சொன்ன அதே 85 டெசிபல் ஹார்ன் ராத்திரி பூரா ஒரே ஒரு தடவை அடிச்சாலே, மத்தபடி ஊசி விழற சத்தம் இல்லன்னாலும், அந்த ராத்திரி சராசரி 40க்கு வந்துடும். ஒரு பீப், அன்னிக்கு கோட்டா காலி.

ஹார்ன் ஏன் இவ்வளவு கத்துதுன்னா, அது கத்தணும்னுதான் செஞ்சிருக்காங்க. முன்னாடி கிரில்லுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசு தகடு, அதை ஒரு மின்காந்தம் இழுத்து விட்டு இழுத்து விட்டு செகண்டுக்கு நானூறு ஐநூறு தடவை ஆட்டும், நிறைய கார்ல கீழ் சுருதி ஒண்ணு மேல் சுருதி ஒண்ணுன்னு ஜோடியா இருக்கும், அந்த ரெண்டும் சேரும்போதுதான் காது வேற எதுக்கும் இல்லாத மாதிரி திரும்பிப் பாக்கும். ஐநா வண்டி ஒழுங்குமுறை 28ல கார்ல மாட்டின ஹார்ன் 7 மீட்டர் தூரத்துல 112 டெசிபல் வரைக்கும் போகலாம். திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும், அப்ப 112ல ஆரம்பிச்சா 14 மீட்டர்ல 106, 28 மீட்டர்ல 100. எல்லாக் காரும் அந்த உச்சத்துல இருக்காது, ஆனா எங்க தெரு மாதிரி ரெண்டு பக்கமும் சுவர் இருந்தா சத்தம் வெளிய ஓடாம அங்கயும் இங்கயும் மோதும், கணக்குல குறையற அளவுக்கு நிஜத்துல குறையாது. வேடிக்கை என்னன்னா ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கறவருக்குத்தான் அது குறைச்சலா கேக்கும். ஹார்ன் வெளியப் பாத்து இருக்கு, அவரு கண்ணாடி ஏத்தி ஏசி போட்டு உள்ள இருக்காரு. "லேசாத்தான சார் அடிச்சேன்"னு ஒருத்தர் சொன்னா அவரு பொய் சொல்லல, அவருக்கு அது லேசாத்தான் கேட்டுச்சு.

இங்க ஒரு கிளைக்கதை. பழைய கார்ங்கள்ல "ஆ-ஊ-கா"ன்னு அலறுமே கிளாக்சன், அதைக் கண்டுபிடிச்ச மில்லர் ரீஸ் ஹட்சிசன்தான் மின்சாரத்துல ஓடற காது கேட்கும் கருவியையும் முதல்ல செஞ்சவர்ல ஒருத்தர். ரெண்டு பக்கமும் வியாபாரம்.

சரி, கேட்டுக்கு வர்றேன். இதுதான் பெரிய பங்கு, இதுலதான் நிறைய கத்துக்கிட்டேன். நான் நினைச்சது, கார்ல வர்றவங்க பெரிய மனுஷத்தனம் காட்டறாங்க, இறங்கி தட்ட சோம்பேறித்தனம்னு. ஒரு லீவு நாள் சாயங்காலம் கேட் உள்ள போய் வாட்ச்மேன்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்தேன். அவரோட நாற்காலி கேட் தூணுக்குப் பின்னாடி இருந்துச்சு. அங்கதான் ஃபேன், அங்கதான் பிளக் பாயின்ட். அங்கேந்து பாத்தா ரோடு தெரியாது, தூண்தான் தெரியும். கேட் தகடு அடிச்ச இரும்புக் கேட், கம்பி இடுக்கு கூட இல்ல. அப்ப வண்டி வந்திருக்குன்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ஹார்ன் ஒண்ணுதான் வழி. "ஒரு தடவை அடிச்சா நம்ம வண்டியா போற வண்டியான்னு தெரியாது அண்ணே, ரெண்டாவது தடவை அடிச்சாத்தான் எழுந்திருப்பேன்"னாரு. அதாவது அந்தக் கேட்டுக்கு மினிமம் ரெண்டு ஹார்ன்னு ஒரு வழக்கமே உருவாகியிருக்கு, ரெண்டு பேரும் பேசி வச்சுக்காமலே. அவரு எழுந்து செருப்பு மாட்டி வர்ற நேரம் கொஞ்சம் கூடினா மூணாவது, நாலாவது.

அவங்க அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட போனேன், நோட்டோட. "உங்க ஆளுங்க ஹார்ன் அடிக்கறாங்க"ன்னு ஆரம்பிச்சிருந்தா கதவு மூடியிருக்கும். "உங்க வாட்ச்மேனுக்கு ரோடு தெரியல"ன்னு ஆரம்பிச்சேன். அவருக்கு ஆச்சரியம், ஏன்னா அவரு வீடு பின்பக்கம், இந்த சத்தமே அவருக்குக் கேக்காது. முதல்ல ரிமோட் கேட் போடலாம்னு பேசினாங்க, அது மீட்டிங் மீட்டிங்கா போய்க்கிட்டே இருந்துச்சு. நடுவுல நாங்க பண்ணினது ரொம்ப சின்ன வேலை. ஒயரை இழுத்து ஃபேனையும் பிளக்கையும் தூணுக்கு இந்தப் பக்கம் மாத்தினாங்க, நாற்காலியும் கூடவே வந்துச்சு. கேட் தகட்டுல கண் மட்டத்துல ஒரு அகலமான வெட்டு போட்டு வலை வச்சாங்க. எதிர்த் தூண்ல ஒரு குவிஆடி. சாயங்காலம் எல்லாரும் திரும்பற ரெண்டு மணி நேரம் கேட்டை திறந்தே வச்சு வாட்ச்மேன் வாசல்லயே நிக்கறதுன்னு முடிவாச்சு, அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு மணி நேரத்துல கேட்டைத் திறந்து மூடறதுதான் அவருக்கு பெண்டு நிமித்தற வேலை, அதனால அவருக்கும் சந்தோஷம். வெளிய டிரைவர் கை எட்டற உயரத்துல ஒரு பெல் ஸ்விட்சும் வச்சாங்க, அதை யாரும் தொடறதில்ல, ஏன்னு எனக்கு இன்னும் புரியல.

ஒரே வாரத்துல குறைஞ்சுதான்னா இல்ல. பழக்கதோஷத்துல கேட் திறந்திருந்தாலும் ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள போனாங்க. வாட்ச்மேன் தானா ஒண்ணு கண்டுபிடிச்சாரு, வண்டி திரும்பும்போதே கையைத் தூக்கி "பாத்துட்டேன்"னு காட்டிடுவாரு. ஹார்ன் கேக்கற கேள்விக்கு பதில் முன்னாடியே வந்துட்டா அப்புறம் கேக்க ஒண்ணும் இல்லல்ல. மூணாவது வாரம் நோட்டுல கேட் கட்டம் பாதியா போச்சு, ரெண்டாவது மாசம் ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ.

வேன் விஷயத்துல டிரைவர் அண்ணன்கிட்ட பேசினேன், அவரு கணக்கே வேற. "12 ஸ்டாப்புங்க, ஸ்டாப்புக்கு ரெண்டு நிமிஷம் குழந்தைங்க லேட்டா வந்தா 24 நிமிஷம், அப்புறம் பெல் அடிச்ச பிறகுதான் ஸ்கூல் கேட்டுக்குப் போவேன், திட்டு எனக்குத்தான் விழும். ஹார்ன் அடிக்காம நான் என்ன பண்றது"ன்னாரு. நியாயம்தான். இதுல திருந்த வேண்டியது வீட்ல இருக்கறவங்க. எங்க தெருவுல அந்த வேன்ல குழந்தைங்களை அனுப்பற நாலு வீட்டு அம்மா அப்பாங்களோட பேசி, முந்தின ஸ்டாப்பை விட்டு கிளம்பும்போது வேன்ல இருக்கற உதவியாளர் குரூப்ல ஒரு மெசேஜ் போடறது, குழந்தை கீழ இறங்கி நிக்கறதுன்னு ஏற்பாடு. மூணு வீடு ஒழுங்கா பண்றாங்க. நாலாவது வீட்டுக்கு இன்னும் ஹார்ன்தான், அந்தப் பையன் எழுந்திருக்கறதே அந்த ஹார்ன்லதான்னு அவங்க அம்மாவே சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, என்ன செய்ய.

டாக்ஸிக்கு காரணம் எங்க வீட்டு நம்பருங்க. ராத்திரி ஒரு நாள் கீழ இறங்கி டிரைவர் கண்ணோட பாத்தேன், தெரு விளக்கு வெளிச்சத்துல ஒரு வீட்டு நம்பரும் தெரியல, பாதி செடிக்குப் பின்னாடி, மீதி கதவுக்குப் பக்கத்துல உள்ளடங்கி. மேப்ல பின் விழற இடமும் நாலு வீடு தள்ளி. அவன் வந்து நின்னு, எந்த வீடுன்னு தெரியாம, ஒரு பீப் அடிச்சு யார் எட்டிப் பாக்கறாங்கன்னு பாக்கறான். எங்க பக்கத்து ஆறு வீடு பெரிய எழுத்துல ஒளிர்ற நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினோம், மேப்ல பின்னைத் திருத்த ரிக்வெஸ்ட் போட்டோம். இதுக்கு எவ்வளவு பலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா "கீழ வந்துட்டேன், எந்த வீடு"ன்னு வர்ற போன் குறைஞ்சுது.

குறுக்க நிறுத்தற பிரச்சனைக்கு கண்ணாடிக்குள்ள ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதி வைக்கறது, இது பல இடத்துல இருக்கறதுதான். எல்லாரும் வைக்க மாட்டாங்க, வச்சவங்க வண்டியால ஹார்ன் வராது.

வளைவை நான் ஹார்ன் கேஸா பாக்கறதில்ல. ஹார்ன் எதுக்குன்னே இருக்கோ அதுக்குத்தான் அங்க அடிக்கறாங்க. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில 28வது பிரிவு இதைத்தான் சொல்லுது, விபத்தைத் தவிர்க்க எச்சரிக்கணும்னா அடிக்கலாம், ஊருக்கு வெளியன்னா முந்தப் போறோம்னு சொல்ல அடிக்கலாம், தேவைக்கு மேல இழுக்கக் கூடாது, இருட்டின பிறகு ஹார்னுக்கு பதிலா லைட்டை அணைச்சு போட்டு காட்டலாம். பிரிட்டன்ல வண்டி நிக்கும்போதும், குடியிருப்புப் பகுதியில ராத்திரி 11.30லேந்து காலை 7 வரைக்கும் அடிக்கக் கூடாது, இன்னொருத்தரால ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. அப்ப வளைவுல ஹார்னைக் குறைக்கணும்னா ஆபத்தைக் குறைக்கணும். மூலை வீட்டு வேலிச்செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டினோம், அந்த வீட்டுக்காரம்மாவுக்கு மனசே இல்ல, "பத்து வருஷமா வளத்தது தம்பி"ன்னாங்க, ஆனா அவங்க பேரன் சைக்கிள்ல அந்த வளைவுலதான் போறான், அதனால ஒத்துக்கிட்டாங்க. மூலையை ஒட்டி வண்டி நிறுத்தறதை விட்டோம். குவிஆடி அங்கயும் ஒண்ணு. ஹார்ன் குறைஞ்சுது, முழுசா போகல, போகவும் வேண்டாம். அங்க ஒருத்தன் அடிச்சா எனக்கு இப்ப கோவம் வர்றதில்ல.

இப்ப அந்த 11.40 பீப். இது பத்தி ரொம்ப நாள் யாரோ குசும்பு பண்றாங்கன்னே நினைச்சேன். ஒரு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஜன்னல்ல காத்துக்கிட்டு நின்னேன். பக்கத்து பில்டிங் சார், ஷிஃப்ட் முடிஞ்சு வருவாரு, ரொம்ப சாது. காரை நிறுத்தினாரு, கதவைச் சத்தம் வராம ரெண்டு கையால அழுத்தி மூடினாரு, நாலு அடி நடந்தாரு, திரும்பிப் பாக்காம சாவியை அழுத்தினாரு. லைட் மின்னுச்சு. இன்னொரு தடவை அழுத்தினாரு. பீப். கதவை அவ்வளவு அக்கறையா மூடின மனுஷன்.

அடுத்த நாள் போய் சொன்னேன். "நான் ஹார்னே அடிக்கறதில்லையே சார்"னு நிஜமாவே குழம்பிட்டாரு. அவரு காதுக்கு அது பூட்டின சத்தம், ஹார்ன் இல்ல. நிறைய கார்ல இப்படித்தான், ஒரு தடவை அழுத்தினா பூட்டி லைட் மின்னும், மறுபடி அழுத்தினா பூட்டினதை உறுதி பண்ண ஹார்னைத் தட்டும். சிலதுல முதல் அழுத்தலுக்கே தட்டும். எஞ்சின் ஓடும்போது சாவியோட இறங்கி கதவைச் சாத்தினா சிலது ரெண்டு தட்டு தட்டும். பூட்டுச்சான்னு சந்தேகம் வந்து வீட்டுக்குள்ளேந்து ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவைன்னு அழுத்தறவங்களும் உண்டு, என் நோட்டுல 12.30 பக்கம் இருந்த பாதி பீப் அப்படித்தான். ரெண்டு பேரும் அவரு கார்ல உக்காந்து ஸ்க்ரீன்ல தேடினோம், செட்டிங்ஸ், வண்டி, பூட்டுங்கற மாதிரி மூணு படி உள்ள போனா "பூட்டும்போது ஹார்ன்"ங்கற அர்த்தத்துல ஒரு வரி. ஆஃப். லைட் மின்னறது மட்டும் இருக்கட்டும்னு விட்டோம். மொத்தம் அஞ்சு நிமிஷம். ஒன்றரை மாசம் நான் கரிச்சுக் கொட்டின விஷயம்.

மெனுல இல்லாத வண்டிங்களும் இருக்கு, அதுக்கு மேனுவல்ல சாவியில ரெண்டு பட்டனைச் சேத்து அழுத்தற முறை இருக்கும், இல்ல சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டி மாத்தணும். அதுவும் இல்லன்னா ஒரே தடவை அழுத்திட்டு கைப்பிடியை இழுத்துப் பாக்கறது. ஹார்ன் ஃபியூஸைப் புடுங்கற ஐடியா ஒருத்தர் சொன்னாரு, தயவு செஞ்சு வேண்டாம், குறுக்க குழந்தை ஓடினா தேவைப்படற ஒரே சாமான் அது.

அலாரம் அடிக்கற கார் ஒண்ணு இருந்துச்சு. ஐநா ஒழுங்குமுறை 116 படி அலாரம் ஒரு தடவைக்கு 25லேந்து 30 செகண்ட்தான் அலறணும், ஆனா காரணம் சரியாகலன்னா திரும்பத் திரும்ப வரும். பேட்டரி வலுவில்லாம இருக்கறது, பானெட் சரியா மூடாதது, ஜன்னலை விரல் அளவு இறக்கி வச்சதுல காத்து உள்ள போய் சென்சார் பயந்துக்கறது, இதுங்கதான் வழக்கமான காரணம். எங்க தெரு கார்ல பேட்டரி. ஓனர் ஊர்ல இல்லாத மூணு நாள் எல்லாருக்கும் சிவராத்திரி. இப்ப ஊருக்குப் போறவங்க சாவியை யார்கிட்டயாவது கொடுத்துட்டுப் போறாங்க.

வீட்டுக்குள்ள நான் பண்ணினதையும் எழுதணும், ஏன்னா தெரு திருந்தற வரைக்கும் பாப்பா தூங்காம இருக்க முடியாது. கெட்டியா திரை போட்டேன், வெளிய வர்ற ஹார்னுக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஜன்னல்ல உண்மையான எதிரி இடுக்கு. ஜன்னல் பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே மத்த இடம் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்க முடியாது, தண்ணித் தொட்டியில ஓட்டை மாதிரி. சட்டத்தைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டினதுல ஆப்ல கண்கூடா குறைஞ்சுது. அதைவிடப் பெரிய பலன் எதுன்னா கட்டிலைத் தூக்கி பின் ரூமுக்கு மாத்தினது, ஏன் இதை முதல் நாளே பண்ணலன்னு என் மனைவி இன்னிக்கும் கேக்கறா. எனக்கு அப்ப நியாயம் முக்கியமா இருந்துச்சு, நம்ம வீட்ல நாம ஏன் ரூம் மாறணும்னு. அவளுக்கு தூக்கம் முக்கியமா இருந்துச்சு.

மிச்சம் இருக்கறது பெரிய ரோட்டு சிக்னலைத் தவிர்க்க எங்க தெருவுக்குள்ள புகுந்து போற வண்டிங்க. இவங்களோட பேச முடியாது, யாருன்னே தெரியாது. அதே ஆபீஸுக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை நோட்டோட. சாயங்காலம் எத்தனை மணிலேந்து எத்தனை மணி வரைக்கும், எந்தப் பக்கத்துலேந்து, எந்த ரெண்டு வண்டி எதிரெதிர்ல மாட்டிக்கிட்டு அடிச்சுக்குது, எல்லாம் ஒரு பக்கத்துல. அதே அம்மாதான், இந்தத் தடவை எழுதிக்கிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அந்த நேரத்துக்கு மட்டும் ஒருவழின்னு சோதனையா விட்டாங்க. எதிரெதிர் சண்டை நின்னுச்சு, ஆனா அந்தப் பக்கத்துத் தெருவுல ஜாஸ்தியாச்சுன்னு அங்கேந்து ஒருத்தர் வந்து என்கிட்ட நியாயம் கேட்டாரு. அவருக்கு என் நோட்டோட ஃபார்மட்டைக் கொடுத்தேன், வேற என்ன கொடுக்க முடியும். இது இன்னும் முடியல.

போன வாரம் ராத்திரி 11.40க்கு மறுபடி பீப். எனக்கு முழிப்பு வரல, மனைவிதான் சொன்னா. காலைல கீழ இறங்கறேன், பக்கத்து பில்டிங் சார் எனக்காக காத்துக்கிட்டு நிக்கறாரு, பின்னாடி புது கார், சீட்டுல இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கல. "சார், இதுல அந்த மெனு எங்க இருக்குன்னு தெரியல, கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்களேன்"ன்னாரு.